பணப்பயிரும் கமக்காரர் வாழ்வும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குச்சவெளி, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர், வெருகல் ஆகிய பகுதிகளின் கமக்காரர் கூட்டங்களிலும், படித்துவிட்டுக் கமத்துக்குத் திரும்ப எண்ணும் இளையோரிடமும் மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விளைச்சலைப் பெருக்கும் முறைகளை விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லித் தருவார்கள். விளைந்தது பணமாக மாறும் வழியில் கமக்காரரின் பங்கு எங்கே கரைந்து போகிறது என்பதைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது.

பணப்பயிர் என்பது எது? நெல் பணப்பயிர் இல்லையா?

வீட்டு உலையை எண்ணாமல் சந்தையை எண்ணிப் பயிரிடப்படுவது பணப்பயிர். அந்த வகையில் கந்தளாய்க் குளத்து நீரில் பத்து ஏக்கர் விதைத்து, சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மீதியை விற்பவருக்கு நெல்லும் பணப்பயிரே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. நெல் விலை விழுந்தால் மூட்டையை வீட்டில் அடுக்கி வைத்து அடுத்த போகம் வரை உண்ணலாம். ஐயாயிரம் கிலோ வெங்காயத்தையோ புகையிலையையோ எந்தக் குடும்பமும் உண்டு தீர்க்க முடியாது. எனவே நெல்லை விற்பவருக்கு இருக்கும் ‘இன்று விற்கமாட்டேன்’ என்று சொல்லும் துணிவு, மற்றப் பயிர்காரருக்கு இல்லாமற் போகிறது. இந்தப் பக்கத்தில் வரும் பல விடைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

எமது மாவட்டத்தில் சின்ன வெங்காயம், மிளகாய், நிலக்கடலை, சோளம், பயறு, கௌபி, எள்ளு, வத்தகை ஆகியவை விற்பனைக்கென்றே பயிரிடப்படுகின்றன. நிலக்கடலையை நாம் கச்சான் என்கிறோம். வைகாசி தொடங்கி வெங்காயப் பாத்திகளை உலர்த்திவிடும் வறண்ட காற்றுக்கும் அதே பெயர்தான்.

ஏழை நாடுகளில் பணப்பயிர் செய்தவர்கள் உண்மையில் முன்னேறினார்களா?

முன்னேறியவர்களும் உண்டு, முடங்கியவர்களும் உண்டு. இரு சாராரும் பெரும்பாலும் ஒரே பயிரையோ ஒரே வகை மண்ணையோ கொண்டிருந்தவர்கள் என்பதால், பயிரை மட்டும் பார்த்து விடை சொல்ல இயலாது.

கோப்பியை எடுத்துக்கொள்வோம். 1962இல் கோப்பி விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு வகுத்ததால் விலை ஓரளவு தாங்கி நின்றது. 1989 யூலையில் அந்தப் பங்கு முறை கைவிடப்பட்டது. சில மாதங்களுக்குள் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. பின்னர் வியட்நாம் மிக வேகமாகச் செய்கையை விரித்து உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தி நாடாயிற்று. 2001, 2002ஆம் ஆண்டுகளில் விலை பல தசாப்தங்களில் காணாத அடிமட்டத்தைத் தொட்டபோது, மத்திய அமெரிக்காவில் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு மேசையில் எடுக்கப்பட்ட முடிவு அவர்களுடைய முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

கொக்கோவின் கதை வேறு விதமானது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேற்பட்டதை ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளே விளைவிக்கின்றன. இவ்வளவு பெரிய பங்கு கையில் இருந்தும் அங்குள்ள சிறுகமக்காரர் வறுமையிலேயே இருந்தார்கள். 2020/21 பருவம் முதல் ஒரு தொன்னுக்கு 400 அமெரிக்க டொலர் மேலதிகமாகத் தர வேண்டும் என்று இரு அரசுகளும் சேர்ந்து விதித்தன. 2024 இறுதியில் உலகச் சந்தையில் ஒரு தொன் 12,000 டொலரையும் தாண்டியது. அந்த ஏற்றம் மரத்தடியில் நின்றவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. பருவத் தொடக்கத்தில் அரசு நிர்ணயித்த விலையே அவருக்குரியதாக இருந்ததுடன், நோயாலும் காலநிலையாலும் விளைச்சலும் குறைந்திருந்தது.

இதற்கு மாறாகக் கென்யாவின் தேயிலைச் சிறுதோட்டக்காரர்கள் தாம் கொழுந்து கொடுக்கும் தொழிற்சாலைகளில் தாமே பங்குதாரர்கள். மாதந்தோறும் கிலோவுக்கு ஒரு தொகையும், ஆண்டு முடிவில் விற்பனையைப் பொறுத்து இரண்டாவது கொடுப்பனவும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. அங்கும் நிர்வாகத்தைப் பற்றிய முறைப்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கொழுந்து தேயிலையாக மாறும்போது கூடும் பெறுமதியில் ஒரு பகுதி கமக்காரரிடம் திரும்பி வருவதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. எமது வெங்காயத்துக்கும் கச்சானுக்கும் அப்படியொரு வழி இல்லை.

போன வருடம் நல்ல விலை. இந்த வருடம் ஏன் விழுந்தது?

போன வருடம் நல்ல விலை கிடைத்தது என்பதே முதற் காரணம். சின்ன வெங்காயம் ஏறத்தாழ 60 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். நல்ல விலையைக் கண்ட அனைவரும் ஒரே கிழமையில் விதைவெங்காயம் தேடுகிறார்கள். விதைவெங்காயத்தின் விலை ஏறுகிறது. அனைவருடைய அறுவடையும் ஒரே கிழமையில் சந்தைக்கு வருகிறது. உயர்ந்த விலைக்கு விதை வாங்கித் தாழ்ந்த விலைக்கு விளைச்சலை விற்பது என்ற இந்தச் சுழல் எமக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் யாழ்ப்பாணம், கற்பிட்டி அறுவடைகளும் எமது அறுவடையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஆண்டுகளில் அது இங்கே இன்னும் கடுமையாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் இறக்குமதி. வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி விதிக்கப்படுகிறது. நுகர்வோருக்கு விலை ஏறினால் அந்த வரியைக் குறைப்பதும், உள்ளூர் அறுவடை வரும்போது கூட்டுவதும் வழக்கம். வரியைக் கூட்டும் அறிவித்தல் இரண்டு கிழமை பிந்தினாலும், முன்னரே வந்து களஞ்சியத்தில் இருக்கும் இந்திய வெங்காயம் எமது அறுவடையைச் சந்திக்கும். இதன் மறுபக்கத்தையும் கண்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து 2024 மே மாதத்தில் நீக்கியது. அந்த இடைவெளியில் இலங்கைச் சந்தையில் பெரிய வெங்காயத்தின் விலை மிக உயர்ந்தது. இந்திய வெங்காயம் விளையும் நாசிக்கில் பெய்யும் மழையும் புதுடில்லியில் வரும் தேர்தலும் நிலாவெளித் தோட்டத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னால் அது மிகைப்படுத்தலாகாது.

ஒரு ஏக்கர் வெங்காயத்தில் எவ்வளவு மிஞ்சும்?

மிஞ்சும் தொகையைச் சொல்பவரை நம்பாதீர்கள். எந்த விலைக்குக் கீழே நட்டம் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். கணக்கு எளியது: மொத்தச் செலவை எதிர்பார்க்கும் விளைச்சலால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, விதைவெங்காயம், உழவு, பசளை, கிருமிநாசினி, நீர் இறைப்பு, கூலி, சாக்கு, லொறி எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கருக்கு 4 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 5,000 கிலோ என்றால் 80 ரூபாவுக்குக் கீழே விற்கும் ஒவ்வொரு கிலோவும் நட்டமே. அறுவடை நேரத்து மழையில் விளைச்சல் 3,500 கிலோவாகக் குறைந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 114 ரூபாவுக்கு ஏறிவிடும். செலவு ஒரு சதமும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பத்தவரின் உழைப்பைக் கூலிக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள் நட்டத்தை இலாபமென்று எண்ணி அடுத்த போகமும் இறங்குகிறார்கள். இறக்கக்கண்டியில் எனது தந்தையார் வைத்திருந்த கொப்பியில் பசளைக்கும் டீசலுக்கும் சதக்கணக்கு இருந்தது. அம்மா களை பிடுங்கிய நாட்களுக்கு அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

வியாபாரி முற்பணம் தருகிறார், வட்டியும் கேட்கவில்லை. வாங்கலாமா?

வட்டி கேட்கப்படவில்லை என்றால் அது வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. முற்பணம் தருபவர் விளைச்சலைத் தமக்கே தர வேண்டும் என்றும், சந்தை விலையிலிருந்து ஒரு தொகையைக் கழித்துத் தருவதாகவும் பேசிக்கொள்வார். மேற்சொன்ன ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். 1 இலட்சம் ரூபா முற்பணத்துக்காகக் கிலோவுக்கு 10 ரூபா குறைத்து 5,000 கிலோ கொடுத்தால், நீங்கள் விட்டுக்கொடுத்தது 50,000 ரூபா. மூன்று மாதத்துக்கு 50 வீதம். எந்த வங்கியும் இவ்வளவு கேட்பதில்லை.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு நியாயமான விடை உண்டு. வங்கி காணி உறுதி கேட்கும், பிணையாளி கேட்கும். காணி உறுதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், அரச காணி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர்களும் மூதூர், வெருகல் பக்கத்தில் ஏராளம். வியாபாரி இரவு எட்டு மணிக்கும் கதவைத் திறப்பார், பிள்ளையின் வைத்தியச் செலவுக்கும் கொடுப்பார். ஆதலால் அவரைக் கொடியவராகச் சித்திரித்துவிட்டு அப்பால் போவதில் பயனில்லை. முற்பணம் வாங்கத்தான் வேண்டுமென்றால், விளைச்சல் முழுவதையும் கட்டிக்கொடுக்காமல் கடனுக்கு ஈடான அளவை மட்டும் பேசி, மீதியை விரும்பியவருக்கு விற்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். தராசு யாருடையது, கழிவு எத்தனை வீதம் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நுண்கடன் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். வாரந்தோறும் தவணை கேட்கும் கடன், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் தரும் பயிருக்குப் பொருந்தாது. இரண்டாவது கிழமைத் தவணைக்காக இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்கிய பெண்களின் நிலை வடக்கு கிழக்கில் எவ்வளவு மோசமானது என்பதை 2018இல் அரசே ஏற்றுக்கொண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

தேயிலைக் கொழுந்துக்கு விலைச் சூத்திரம் இருக்கிறதே, வெங்காயத்துக்கு ஏன் இல்லை?

மிக நல்ல கேள்வி. இலங்கையில் தேயிலைச் சிறுதோட்டக்காரர் கொடுக்கும் கொழுந்துக்கு, விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்ற பங்கீட்டு முறை நடைமுறையில் இருந்து வந்துள்ளது. இது இயலக்கூடியதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. தேயிலையின் பெரும்பகுதி கொழும்பு ஏலத்தில் விற்கப்படுவதால் எந்தத் தொழிற்சாலைக்கு எந்த விலை கிடைத்தது என்பது எழுத்தில் இருக்கிறது. தொழிற்சாலையோ பதிவு செய்யப்பட்ட ஒன்று. வெங்காயம் தோட்ட வாசலிலும், திருகோணமலைச் சந்தையிலும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலும் கைமாறுகிறது. தம்புள்ளையில் இன்று என்ன விலை என்று கைப்பேசியில் கேட்டறியலாம். ஆனால் உங்கள் மூட்டை அங்கே என்ன விலைக்குப் போனது என்பதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இராது. பதிவில்லாத விலைக்குப் பங்கு வகுக்க இயலாது.

என் தனிப்பட்ட கருத்து, உத்தரவாத விலை கேட்டுப் போராடுவதற்கு முன்னர் விற்பனைப் பற்றுச்சீட்டைக் கட்டாயமாக்குமாறு கேட்க வேண்டும் என்பதே. உத்தரவாத விலை நெல்லுக்கு உண்டு. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் கேட்கும்போது, காயவைப்பதற்குத் தளம் இல்லாதவர் வயற்கரையிலேயே ஈர நெல்லைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறோம்.

ஒரே பயிரை நம்பினால் என்ன?

கந்தளாய்க்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சீனித் தொழிற்சாலை இருந்தது. 1960களில் அதற்கென்றே கரும்புச் செய்கை பரந்தது. 1990களில் ஆலை மூடப்பட்டபோது கரும்பை வாங்க வேறு எவரும் இருக்கவில்லை. கரும்பை ஆலைக்கு வெளியே யார் வாங்குவார்? வாங்குபவர் ஒருவரே என்றால், அவருடைய நிர்வாகக் கோளாறும் உங்கள் பயிர்நோய்தான்.

உண்மையான பயிர்நோய்க்கும் இந்த நாட்டில் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழில் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பெருந்தோட்ட முதலாளிகளில் பணவசதி உள்ளவர்களால் பயிரை மாற்ற முடிந்தது. 2018இல் சேனா படைப்புழு சோளத்தில் பரவியபோது, ஒரே போகத்தில் முழுக் காணியையும் சோளத்துக்கு விட்டவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

நிறுவனம் ஒன்று ஒப்பந்தச் செய்கைக்கு அழைக்கிறது. கையெழுத்திடலாமா?

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். தராவிட்டால் அங்கேயே முடித்துவிடலாம். பிரதி கையில் வந்த பின் மூன்று இடங்களைப் படியுங்கள். விலை உறுதியான தொகையா அல்லது ‘அன்றைய சந்தை விலை’யா? தரமற்றது என்று ஒதுக்குபவர் யார், ஒதுக்கப்பட்டதை வேறொருவருக்கு விற்க உங்களுக்கு அனுமதி உண்டா? நிறுவனம் தந்த விதை முளைக்காவிட்டாலோ வெள்ளம் வந்தாலோ விதைக் கடன் யார் தலையில்? சோளத்துக்கு ஈரப்பதத்தை வைத்துக் கழிவு போடுவார்கள் என்பதால், ஈரப்பதம் அளக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து கையெழுத்திடுவது, தனியாகக் கையெழுத்திடுவதைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது.

வயற்காணியில் நெல்லை விட்டு வேறு பயிர் செய்யலாமா?

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். சிறுபோகத்தில் குளத்து நீர் போதாதபோது பயறு, கௌபி, சோளம் போன்ற மறுவயற் பயிர்களைச் செய்வது வேறு விடயம். அதை நீர்ப் பங்கீட்டுக்கான ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானிப்பார்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

2021இல் பசளை நின்றபோது நடந்ததிலிருந்து என்ன அறிய வேண்டும்?

நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவதற்கென 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. தொடர்ந்து வந்த அறுவடை நாடு முழுவதும் வெகுவாகக் குறைந்தது, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. சேதனப் பசளை கூடாது என்பது இதன் பொருளன்று. மண்ணைப் பல போகங்களாக மாற்ற வேண்டிய வேலையை ஓர் அறிவித்தலால் ஒரே போகத்தில் செய்ய முயன்றதே தவறு. அந்த ஆண்டில் கூடுதலாக அடிபட்டவர்கள், கடையிலிருந்து வாங்கும் பொருட்களையே முற்றாக நம்பிப் பயிர் செய்தவர்கள். பணப்பயிருக்கு வாங்கும் பொருள் நெல்லைவிட அதிகம் என்பதை அப்போது பலர் உணர்ந்தார்கள்.

பணப்பயிர் செய்யும் வீட்டில் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்களா?

1980களில் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் கென்யாவின் கரும்புச் செய்கையாளர், குவாத்தமாலாவின் மரக்கறிச் செய்கையாளர் முதலானோரிடம் நடத்திய ஆய்வுகளில், குடும்ப வருமானம் பொதுவாக உயர்ந்ததும், அந்த உயர்வுக்கு ஏற்ப சிறுவரின் போசாக்கு உயராததும் தெரியவந்தன. இங்கும் காரணங்களை ஊகிக்கலாம். மொத்தமாக வரும் பணம் கடனுக்கும் கூரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போகும். நாளாந்தம் வரும் சிறு பணமே மீனுக்கும் பாலுக்கும் போகும். நடுவதும் களை பிடுங்குவதும் வெங்காயத்தைத் தாள் அறுத்துத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள்; லொறிக்காரரிடம் பணம் வாங்கி எண்ணுபவர் பெரும்பாலும் ஆண். வேலிக்கரையில் முருங்கை, அகத்தி, கத்தரி நாலு, கோழி பத்து என்று வைத்திருக்கும் வீடு, சந்தை விலை விழுந்த மாதத்திலும் ஒரு கறியோடு சாப்பிடும்.

கிணற்று நீர் உவர்க்கிறது. இது பணப்பயிராலா?

கரையோர மணலில் நன்னீர், உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. சக்தி வாய்ந்த இயந்திரத்தால் தொடர்ந்து இறைக்கும்போது கீழிருந்து உவர் ஏறும். தோட்டங்களோடு நிலாவெளி, உப்புவெளிப் பகுதிகளின் விடுதிகளும் அதே நீரையே எடுக்கின்றன. மணலில் போடும் யூரியாவின் ஒரு பகுதி நேரே கிணற்றுக்குப் போகும், அதைக் குடிப்பதும் நாமே. தூவல் முறையில் காலையிலோ மாலையிலோ அளவாக நீர் பாய்ச்சுவது டீசலையும் கிணற்றையும் சேர்த்தே காக்கும்.

நியாய வர்த்தக முத்திரை எமக்குப் பயன்படுமா?

விளைவித்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிய பொருள் என்று காட்டும் முத்திரை அது. 1988இல் நெதர்லாந்தில் கோப்பிக்காகத் தொடங்கிய அம்முறை, பெரும்பாலும் ஏற்றுமதிப் பயிர்களுக்கும் கூட்டுறவாகச் சேர்ந்தவர்களுக்கும் உரியது. உள்ளூரில் விற்கும் வெங்காயத்துக்கு இப்போதைக்குப் பயனில்லை.

முதன்முறையாக இறங்குபவர் எவ்வளவு காணியில் தொடங்கலாம்?

முழுவதும் அழிந்தாலும் நகை அடகுக்குப் போகாத அளவில். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் முதற் போகத்தில் கால் ஏக்கரில் வெங்காயம் போட்டு, மீதியில் கச்சான், பயறு என்று பிரிக்கலாம். சாப்பாட்டு நெல்லுக்கு உரிய வயலைத் தொட வேண்டாம். விளைந்த வெங்காயத்தில் நல்ல கட்டுகளைக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்கவிட்டு அடுத்த போக விதைக்கு எடுத்துவையுங்கள். செலவில் பெரிய துண்டு அதுவே என்பதால், விதை சொந்தமாக இருப்பவரின் நட்ட எல்லை உடனே கீழிறங்கும். நடுவதற்கு முன் விவசாயக் காப்புறுதியில் உங்கள் பயிர் அடங்குகிறதா, எந்தத் திகதிக்குள் பதிய வேண்டும் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். ஒரு கொப்பியும் வாங்குங்கள், அதில் அம்மாவின் நாட்களையும் எழுதுங்கள்.